எந்த எஞ்சின் உழைக்கட்டும், எது ஓய்வெடுக்கட்டும்?

கேள்வி: குறுகிய தண்டவாளத்தில் ஓடும் பாரம்பரிய நீராவி ரயில்களில் சுற்றுலாக் கூட்டத்துக்காக நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் அடுப்பு, புதுப் பெட்டி, புது எஞ்சின் என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். இது வரலாற்றைக் காப்பதா? பழைய எஞ்சின்களை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவதுதானே முறை?

பதில்: முறை இல்லை. நிறுத்திவைத்த எஞ்சினில் இரும்பு மிஞ்சும். அதில் நெருப்பு மூட்டவும், கொதிகலனின் நீர்மட்டம் பார்க்கவும், ஸ்டே போல்ட் (கொதிகலன் தகடுகளைப் பிணைக்கும் ஆணி) மாற்றவும் தெரிந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் இல்லாமல் போவார்கள். அவர்களுக்குச் சம்பளம் தருவதே நீங்கள் குறைசொல்லும் கூட்டத்தின் டிக்கெட் காசுதான். அந்தக் கூட்டத்தின் பாரத்தை எந்த எஞ்சின்மேல் ஏற்றுகிறோம் என்று கணக்குப் பார்க்காமல் ஓட்டுவதுதான் தவறு.

கணக்கு இப்படி. அமெரிக்க விதிப்படி, நீராவி எஞ்சினின் கொதிகலனை 1,472 சேவை நாள் அல்லது 15 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது, புகைக்குழாய்களை உருவி, மேலுறையைக் கழற்றி, உள்ளும் புறமும் சோதிக்க வேண்டும். நெருப்பிருந்து நீராவி அழுத்தமும் இருந்தால் அது ஒரு சேவை நாள். ஒரே ஒரு மைல் ஓடியிருந்தாலும் முழு நாள்தான். ஆண்டுக்கு 98 நாள் எரித்தால் 15 ஆண்டும் கிடைக்கும். 200 நாள் எரித்தால் எட்டாம் ஆண்டிலேயே கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும் ஒவ்வொரு முறையும் தேய்ந்த தகடும் அரித்த போல்ட்டும் போய்ப் புதியவை ஏறும். பழைய இரும்பு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகிறது.

அப்படியானால் விடுமுறை நாளில் மட்டும் எரிக்கலாமே என்பீர்கள். அது வேறு விதமான கேடு. குளிர்ந்த கொதிகலனில் நெருப்பிட்டதும் நெருப்புப்பெட்டியின் உள்தகடு முதலில் சூடாகி விரியும், வெளித்தகடு பின்தங்கும். இரண்டையும் பிணைக்கும் ஸ்டே போல்ட்கள் வளையும், ஆறும்போது நிமிரும். வளைந்து நிமிர்ந்தே விரிசல் விடும். குட்டை போல்ட்களின் வெளிமுனையில் சிறு துளை போட்டு வைப்பது இதற்காகத்தான்: விரிசல் துளையைத் தொட்டால் நீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். (அழகுக்காகப் பெயின்ட் அடித்து அந்தத் துளையை மூடிவிடாதீர்கள்.) ஆகவே ஓர் எஞ்சினைச் சில வாரம் தொடர்ந்து ஓட்டி, பிறகு நீரை முழுக்க வடித்து, உலர்த்தி, மாதக்கணக்கில் ஓய்வு கொடுப்பதே சரி. மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அதைவிட மெதுவாக ஆறவிட வேண்டும்.

ஓய்வு கொடுக்க வேண்டுமானால் வேலையை ஏற்க வேறு எஞ்சின் வேண்டும். வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்வே அதைத்தான் செய்தது. 1863-இல் கட்டிய பிரின்ஸ் எஞ்சினை இன்னும் வைத்திருக்கிறார்கள். கனமான ரயில்களை இழுக்க இரட்டை ஃபேர்லி (இரு முனையிலும் புகைபோக்கி உள்ள) எஞ்சின்களைத் தங்கள் பட்டறையிலேயே புதிதாகக் கட்டுகிறார்கள். அவற்றில் ஜேம்ஸ் ஸ்பூனர் என்ற எஞ்சின் 2023-இல் ஓடத் தொடங்கியது. நீங்கள் கேலிக்கூத்தாகப் பார்க்கும் புது எஞ்சின்தான் பழையதன் ஆயுளை நீட்டுகிறது. பெட்டிகளுக்கும் இதே நியாயம். பெரிய ஜன்னல் வேண்டுமானால் புதுச் சட்டத்தில் புதுப் பெட்டி செய்யட்டும். பழைய மரப்பெட்டியின் பக்கச் சுவரை அறுப்பதை மன்னிக்க முடியாது. அறுத்தது திரும்ப வராது.

எண்ணெய் அடுப்பு விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. 2018-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டுராங்கோ–சில்வர்டன் பாதையருகே பெருங்காட்டுத் தீ. ரயிலின் பொறியே காரணம் என்று அமெரிக்க மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. 2022-இல் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அங்கே எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள். சரியான முடிவு. நிலக்கரி எரியும் கம்பித் தட்டியை எடுத்துவிட்டு, செங்கல் பதித்த தொட்டியும் பர்னரும் வைக்கிறார்கள். கழற்றிய தட்டியை எண்ணிட்டு அடுக்கி வைத்தால் என்றைக்கும் திருப்பிவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு: எண்ணெய்ச் சுடரைச் சட்டென்று கூட்டிக் குறைத்தால் தகடும் குழாய் முனைகளும் அடிவாங்கிக் கசியும். குழாய்களில் புகைக்கரி படியும். ஓட்டத்தின்போது மணலை உள்ளே இழுக்கவிட்டு அந்தக் கரியைச் சுரண்டி வெளியேற்ற வேண்டும். எண்ணெய்க்கு மாறிய ரயில், கரி அள்ளிப் போடும் கைவேலையை ஓர் எஞ்சினிலாவது கற்றுத் தர வழி தேட வேண்டும்.

பாரம்பரிய ரயில்களுக்காக 2005-இல் லாட்வியாவின் ரீகா நகரில் ஏற்ற சாசனம், செய்த வேலையை முறையாக ஆவணப்படுத்தச் சொல்கிறது. அடுத்த முறை போகும்போது எது எரிகிறது என்று கேட்காதீர்கள். மாற்றிய உறுப்புகளின் பதிவேடு இருக்கிறதா, புதிய தகட்டில் ஆண்டு பொறித்திருக்கிறார்களா, கழற்றிய பழைய உறுப்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.