ராகு காலத்தில் ஏறிய ராக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விண்வெளிப் பயணங்களையும் ஜோதிடத்தையும் முடிச்சுப் போட்டுக் கேட்டவையாக இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: "திருநள்ளாறு கோயிலுக்கு நேர் மேலே வரும்போது ஒவ்வொரு செயற்கைக்கோளும் மூன்று வினாடி நின்றுவிட்டுப் போகிறது, சனிக்கோளிலிருந்து விழும் கருநீலக் கதிர்களே காரணம், நாசா இதைக் கண்டறிந்தும் வெளியே சொல்லாமல் மறைக்கிறது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சனிப்பெயர்ச்சி வரும்போதெல்லாம் செய்தி வருகிறது. உண்மையா?" (காரைக்குடி வாசகர்)

பதில்: உண்மை இல்லை. பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு விண்கலம் வினாடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் காக்கிறது. கவணில் சுழலும் கல்லுக்குச் சுழற்சி எப்படியோ அப்படி. மூன்று வினாடி நின்றால் அது விழத் தொடங்கிவிடும், அதன்பின் பழைய வேகத்தைத் திரும்பப் பெற மிகப் பெரும் அளவு எரிபொருள் வேண்டும். அவ்வளவு எரிபொருளை எந்தச் செயற்கைக்கோளும் சுமந்து செல்வதில்லை. நம் வீட்டுத் தொலைக்காட்சித் தட்டுக்கு அலை அனுப்பும் செயற்கைக்கோள்களோ, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து ஒரே இடத்துக்கு மேலேயே இருக்கின்றன. அவை திருநள்ளாற்றுக்கு மேலே வருவதே இல்லை.

இதை என் வாய்ச்சொல்லாக நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே பார்த்துவிடலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் சில மாலைகளில் நம் வானத்தில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கடந்து போகும். எந்த நாளில் எத்தனை மணிக்கு என்பதை நாசாவே முன்கூட்டி வெளியிடுகிறது. காரைக்குடிக்கு வடகிழக்கே நேர்க்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டரில் திருநள்ளாறு இருப்பதால், நிலையம் அக்கோயிலுக்கு மேலே வரும் நேரத்தில் நமக்கு அது ஏறக்குறைய தலை உச்சியில், சற்றே வடகிழக்காகச் சாய்ந்து தெரியும். மூன்று வினாடியில் அது வானத்தில் நகரும் தொலைவு, முழு நிலவுகள் ஆறினை வரிசையாக அடுக்கி வைத்த அளவு இருக்கும். நின்றால் வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கானாடுகாத்தானில் உறவினர் வீட்டு மாடியில், பிள்ளைகள் நால்வரோடு இப்படி ஒரு மாலை காத்திருந்தேன். ஒருத்தி கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டு முகட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளி போன்ற வெளிச்சப் புள்ளி ஏறி, தலைக்கு மேலே ஒரே சீராக ஓடி, வடகிழக்கே இறங்கும்போது சட்டென்று மங்கி மறைந்தது. "நின்றுவிட்டது" என்று சின்னவன் கத்தினான். அது நிற்கவில்லை, பூமியின் நிழலுக்குள் நுழைந்ததால் அதன்மேல் வெயில் படவில்லை. இந்த வகைக் காட்சிப் பிழையிலிருந்துதான் வதந்தி பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பார்த்ததற்குக் காரணம் கேட்கும் பழக்கம் அந்தச் சிறுவனுக்கு அன்று வந்தது.

மறைக்கிறார்கள் என்பதற்கும் இடமில்லை. அமெரிக்கா மட்டுமன்றி ரஷ்யா, சீனா, ஐரோப்பா, ஜப்பான், இந்தியா என்று பலரும் செயற்கைக்கோள்களை இயக்குகிறார்கள். உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே அவற்றின் பாதையை அளக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேரும் ஒரே பொய்யைக் காக்க வேண்டிய தேவை என்ன? நளதீர்த்தத்தில் நீராடி வழிபடுகிற அடியவருக்கு அமெரிக்காவின் சான்றிதழும் தேவையில்லை. அந்தப் பழம்பெரும் தலத்துக்குப் பொய்யான பெருமை சேர்ப்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கேள்வி: "சந்திரயான்-2 ஆடி மாதத்தில், குளிகையில் ஏவப்பட்டதால்தான் தரையிறங்கும்போது தோற்றது, சந்திரயான்-3 ஆனியில் ஏவப்பட்டதால் வென்றது. இஸ்ரோ இரகசியமாக ஜோதிடர்களை வைத்து நேரம் குறிக்கிறது, ராகு காலத்தில் எதையும் ஏவுவதில்லை என்று எங்கள் ஊரில் சாதகம் பார்க்கும் பெரியவர் அடித்துச் சொல்கிறார். மறுக்க முடியுமா?" (தேவகோட்டை வாசகர்)

பதில்: பெரியவர் சொன்ன தேதிகள் சரியானவை. 2019 ஜூலை 22, திங்கட்கிழமை பிற்பகல் 2.43க்குச் சந்திரயான்-2 ஏவப்பட்டது. அது ஆடி, திங்களன்று ஒன்றரை முதல் மூன்று வரை குளிகை. ஆனால் அது முதலில் குறித்த நேரம் அன்று. ஜூலை 15 அதிகாலை 2.51க்கு, அதாவது ஆனியில், ஏவுவதாகத்தான் இருந்தது. எண்ணிக்கை முடிய 56 நிமிடங்கள் இருக்கும்போது தொழில்நுட்பக் கோளாறு தெரிந்து நிறுத்தினார்கள். ஜோதிடர் குறித்த நேரம் என்றால் ஆனியில் குறித்தவர் ஒரு வாரத்தில் ஆடிக் குளிகைக்கு எப்படி மாறினார் என்று கேளுங்கள். குளிகையில் தொடங்கியது திரும்ப நடக்கும் என்பது நம் பக்கத்து வழக்கு என்பதால், பயணம் முழுமையாக வென்றிருந்தால் "வெற்றி மேல் வெற்றி வரும் என்றே குளிகையில் ஏவினார்கள்" என்று இதே பெரியவர் சொல்லியிருக்க முடியும். முடிவு எதுவாயினும் பொருந்தும் விளக்கம், முடிவைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்வதில்லை. நிகழ்வுக்கு முன்பாக, தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.

சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நொறுங்கியதற்கான காரணங்களை இஸ்ரோவின் தலைவராக இருந்த சோமநாத் 2023இல் வெளிப்படையாக விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. அதனால் சேர்ந்த பிழைகளைத் திருத்தக் கலம் விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகியிருந்தது. அடுத்த கலத்தில் அந்த இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள், எது எது தவறலாம் என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் காப்பு வைத்தார்கள். நான்கு ஆண்டுக்கால உழைப்பு அது. அதை ஆனி மாதத்தின் கணக்கில் எழுதுவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ராகு காலத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியைப் பாருங்கள். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை. 2023 அக்டோபர் 21 ஒரு சனிக்கிழமை. விண்வெளிக்கு மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்தில், ஆபத்து வந்தால் வீரர்களைத் தப்புவிக்கும் அமைப்புக்கான முதல் பறக்கும் சோதனையை அன்று காலை எட்டு மணிக்கு வைத்திருந்தார்கள். வானிலையால் நேரம் எட்டே முக்காலுக்குத் தள்ளிப்போயிற்று. அப்போதும் புறப்படுவதற்கு ஐந்து வினாடி முன்னதாகக் கணினி தானே நிறுத்திவிட்டது. பொறியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, சரியாகப் பத்து மணிக்கு, ராகு காலத்துக்குள்ளேயே, ஏவினார்கள். கலம் பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. கடற்படை அதை மீட்டு வந்தது. அதே ஆண்டு மே 29, திங்கட்கிழமை, எமகண்டத்தில், 10.42 மணிக்கு ஏறிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டும் தன் வழிகாட்டிச் செயற்கைக்கோளைச் சரியாகச் சேர்த்தது. மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைவதற்காக 2014 செப்டம்பர் 24, புதன்கிழமை காலை 7.17க்கு எஞ்சினை இயக்கியது. அது ஓய்ந்தபோது மணி 7.41. நாள்காட்டிப்படி எமகண்டம் ஏழரைக்கே தொடங்கிவிட்டது.

மற்ற ஏவல்களில் பெரும்பாலானவை ராகு காலத்துக்கு வெளியே இருப்பது உண்மைதான். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ராகு காலம் ஒன்றரை மணி, பதினாறில் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு நேரம் குறித்தாலும் பதினாறுக்குப் பதினைந்து முறை அதற்கு வெளியேதான் விழும்.

நேரத்தை உண்மையில் குறிப்பவை வேறு. செவ்வாய்க்குப் போக ஏற்ற நிலை சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் அமைகிறது. நிலவில் இறங்கும் கலம் சூரிய ஒளியில் இயங்குவதால், இறங்கும் இடத்தில் பொழுது விடிந்ததும் போய்ச் சேர வேண்டும். அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஏவும் நாளை வைக்கிறார்கள். மங்கள்யானைச் செவ்வாய்க்கிழமை பார்த்து ஏவினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. முதலில் குறித்தது 2013 அக்டோபர் 28, திங்கட்கிழமை. ராக்கெட்டைப் பின்தொடர வேண்டிய கப்பல்கள் பசிபிக் கடலின் மோசமான வானிலையால் உரிய இடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானதால்தான் அது நவம்பர் 5, செவ்வாய் ஆயிற்று.

ஆடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதன் நிலவில் இறங்கியது 1969 ஜூலையில், நம் கணக்கில் ஆடியில். ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தபோது நம் நாட்டில் 21ஆம் தேதி திங்கட்கிழமை காலை 8.26, ராகு காலம். அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் தந்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25, ஆடி மாதம். அது இன்றும் நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: "இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் பாதத்தில் வைக்கிறார்களே, தம்பி. அவர்களே நம்பும்போது நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?" (கொத்தமங்கலத்திலிருந்து ஓர் ஆச்சி)

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். அவர்கள் போவது உண்மை, அதை நான் மறுக்கவும் இல்லை, குறைசொல்லவும் இல்லை. எங்கள் ஆயா, மகன் பர்மாவுக்குக் கப்பலேறும் முன்பு பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள்; ஆனால் கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை மாலுமிதான் பார்த்தார். வேண்டிக்கொள்வது ஒன்று, நேரத்தையும் பாதையையும் கணக்கிடுவது இன்னொன்று. இஸ்ரோவிலும் பழைய நம்பிக்கைகளின் சாயல் இல்லாமல் இல்லை: பி.எஸ்.எல்.வி. வரிசையில் சி-12க்கு அடுத்து வந்தது சி-14. 13 என்ற எண்ணில் ராக்கெட்டே கிடையாது. அதைத் தவிர்த்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆயினும் எண்ணைத் தாண்டியது அந்த ராக்கெட்டின் எரிபொருளையோ பாதையையோ மாற்றவில்லை.

கேள்வி: "சந்திரயான்-3 ஏவப்பட்டபோது சனி கும்பத்தில் ஆட்சியாக இருந்ததே வெற்றிக்குக் காரணம் என்று ஒரு காணொளியில் கேட்டேன். சனி மகரத்தில் இருந்ததே காரணம் என்கிறது இன்னொரு காணொளி. எது சரி?" (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: இரண்டு பேரும் தத்தம் பஞ்சாங்கத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17; வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20, திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அன்றுதான். ஏறத்தாழ பதினொரு மாத வேறுபாடு. சந்திரயான்-3 ஜூலை 14இல் ஏறி ஆகஸ்ட் 23இல் இறங்கிய காலம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்குகிறது. இரண்டு வேறு இடங்களில் சனியை வைத்த இருவரும் ஒரே வெற்றிக்கு அதையே காரணமாகக் காட்டுகிறார்கள் என்றால், சனி எங்கே இருந்தாலும் அவர்கள் அதைச் சொல்லியிருப்பார்கள்.

வானத்தில் சனி இருப்பது ஓர் இடத்தில்தான். 1997இல் ஏவப்பட்ட காசினி விண்கலம் 2004இல் சனியை அடைந்து 2017 வரை அதைச் சுற்றியது. அவ்வளவு தொலைவில் கணக்கு ஒரே ஒரு பாகை பிசகினாலும் இலக்கு சுமார் இரண்டரைக் கோடி கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். வாசகர்கள் பலர் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. இன்று கைப்பேசியில் சாதகம் கணிக்கும் செயலிகளில் பல, கோள்களின் இருப்பிடத்தை நாசாவின் ஆய்வுக்கூடம் கணித்த அட்டவணைகளிலிருந்து பெறுகின்றன. அந்த அட்டவணைகளைத் துல்லியமாக்கியவை இத்தகைய விண்கலங்கள் அனுப்பிய அளவீடுகள். நாசா மறைக்கிறது என்று சொல்லும் ஜோதிடரின் கையில் இருப்பதும் பெரும்பாலும் நாசா ஊருக்கெல்லாம் திறந்து வைத்த கணக்கே.

கேள்வி: "நிலவில் ராகு காலம் உண்டா, ஐயா?" (கண்டனூர், ஒன்பதாம் வகுப்பு மாணவி)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. சூரியன் எழுவதிலிருந்து மறைவது வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை ராகு காலம் என்கிறார்கள். நம் பகல் ஏறத்தாழ 12 மணி என்பதால் பங்கு ஒன்றரை மணி. நிலவில் ஒரு பகல் நம் கணக்கில் ஏறத்தாழ 354 மணி. எட்டால் வகுத்தால் 44 மணிக்கும் சற்று மேல் வரும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு நாள். சந்திரயான்-3இன் தரையிறங்கு கலமும் (அதற்கும் விக்ரம் என்றே பெயர்) அதன் ஊர்தி பிரக்யானும் விடிந்ததும் இறங்கி, 2023 செப்டம்பர் தொடக்கத்தில் அவற்றை உறங்கவைக்கும் வரை, அந்த ஒரே பகலில்தான் வேலை செய்தன. எட்டுப் பங்கில் நடுவிலுள்ள எந்தப் பங்கை ராகுவுக்குக் கொடுத்தாலும், அந்த நேரத்திலும் அவை மண்ணைச் சோதித்து நமக்கு அளவுகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன.