ஆட்டம் எங்கே செத்தது?

அன்புள்ள அண்ணாச்சி,

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகன் லீவில் ‘சோகோபான்’ என்ற பழைய கம்ப்யூட்டர் கேமை என் போனில் போட்டுத் தந்தான். அவன் சீக்கிரமே சலித்து விட்டுவிட்டான், நான்தான் மாட்டிக்கொண்டேன். சமையல் முடிந்ததும் அதுதான் வேலை. இப்போது ஒரு கட்டத்தில் நகர முடியாமல் நிற்கிறேன். எல்லாவற்றுக்கும் யூடியூபில் விடை இருக்கிறதாம். பார்க்கலாமா, பார்த்தால் அது விளையாடியதாகுமா? இந்த மாதிரி விளையாட்டு மூளைக்கு நல்லது என்கிறார்களே, மெய்தானா? இன்னொரு கோபமும் இருக்கிறது. தோற்றுவிட்டாய் என்று இந்தக் கேம் சொல்வதே இல்லை. அரை மணி நேரம் தள்ளிய பிறகுதான், எப்போதோ முடிந்துபோன ஆட்டம் என்று தெரிகிறது. இது என்ன நியாயம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மூளைக்கு நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அடுப்பை அணைத்த பிறகு உள்ள ஒரு மணி நேரம் உங்களுடையது. அதற்கு எதற்குக் காரணம் தேடுகிறீர்கள்? உங்கள் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்க உட்காரும்போது இப்படி யாருக்காவது கடிதம் போட்டுக் கேட்டாரா?

உங்கள் கோபத்துக்காகத்தான் இந்தப் பதில். நானும் கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹிரோயுகி இமாபயாஷி என்ற ஜப்பானியர் உருவாக்கி, 1982-ல் திங்கிங் ராபிட் என்ற நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு குடோன், அதில் ஒரு ஆள், சில பெட்டிகள். பெட்டிகளைக் குறித்த இடங்களில் கொண்டு சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். விதி இவ்வளவுதான். பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இதை முதலில் பார்த்தபோது, இது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்தேன். நகர்த்த ஆரம்பித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

பெட்டி மூலைக்குப் போனால் அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். சுவரை ஒட்டி இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் அதே கதி. இதையெல்லாம் கேமே கண்டுபிடித்துச் சொல்லலாம், சரி. ஆனால் மற்ற நிலைகளில்? நாலு பெட்டி விலகி விலகி நிற்கிறது, ஒவ்வொன்றும் நகரும், ஆனாலும் எல்லாவற்றையும் வீடு சேர்க்க வழி கிடையாது. அப்படி ஒரு நிலை செத்ததா இல்லையா என்று சொல்ல வேண்டுமென்றால் ஆட்டத்தையே முடித்துப் பார்க்க வேண்டும். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் கல்பர்சன் 1997-ல் இந்த விளையாட்டை எடுத்துக்கொண்டு, இது ‘பி-ஸ்பேஸ் முழுமை’ (PSPACE-complete) என்ற மிகக் கடினமான வகையைச் சேர்ந்த கணக்கு என்று நிரூபித்தார். கட்டம் பெரிதாகப் பெரிதாக எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். நீங்கள் கேட்கிற நியாயத்தை அந்தக் கேம் நினைத்தாலும் உங்களுக்குச் செய்ய முடியாது, தாயி.

செய்யவும் வேண்டாம் என்பேன். எண்பதுகளின் கடைசியில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில் குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிசான அறுவடை முடிந்து நெல் மூடைகள் வந்து இறங்கும் நேரம். லோடுமேன்களுக்கு மேஸ்திரியாக ஒரு அண்ணாச்சி இருந்தார். புதிதாக வந்த இரண்டு பையன்கள் வேகம் காட்டி, அம்பை 16 என்ற ரக நெல் மூடைகளை வாசல் வரை அட்டி போட்டு அடுக்கிவிட்டார்கள். அடுத்து வரும் கார் பருவச் சாகுபடிக்கு விதைநெல் ஏற்ற லாரி வந்து நின்றபோதுதான், விதைநெல் பின்சுவரை ஒட்டிக் கிடப்பது முதலாளிக்கு நினைவு வந்தது. அவர் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

மேஸ்திரி திட்டவில்லை. “எந்த மூடையில தப்பு நடந்துச்சு, சொல்லுங்கல” என்றார். பையன்கள் வாசலை அடைத்துக்கொண்டிருந்த கடைசி வரிசையைக் காட்டினார்கள். “அத வைக்க வேற இடம் இல்லாமப் போச்சே, அந்த எடத்த அடச்சது எது? அதக் காட்டு” என்றார். பையன்கள் ஒவ்வொரு வரிசையாக இறக்கிக்கொண்டே உள்ளே போனார்கள். நடைபாதை நடுவில், முதல் நாளே, நிழலாக இருக்கிறது என்று குறுக்கே போட்ட ஒரு சின்ன அட்டி. அதற்குப் பிறகு போட்டதெல்லாம் வேறு வழியில்லாமல் போட்டதுதான்.

அந்தக் குடோனிலிருந்து வந்த பிறகு, சோகோபானில் நான் பார்ப்பது இதை மட்டும்தான். பெட்டி சிக்கிக்கொண்ட இடம் கண்ணுக்குத் தெரியும். ஆட்டம் செத்த இடம் அதற்கு இருபது தள்ளலுக்கு முன்னால் இருக்கும், தெரியாது. அதைத் தேடிப் பின்னால் போவதுதான் இந்த விளையாட்டே. இப்போது வருகிற கேம்களில் ஒரு நிமிடம் கை சும்மா இருந்தால் அம்பு போட்டு மினுக்கிக் காட்டுகிறார்கள். தப்பு செய்யவே விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவனோடு எதற்கு விளையாட வேண்டும்?

வீடியோவும் அப்படித்தான். அதில் வருகிறவர் தப்பே செய்வதில்லை. அவர் எந்த வழியாக வெளியே வந்தார் என்று பார்க்கலாம், நீங்கள் எந்த இடத்தில் கோட்டை விட்டீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்தால் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த கட்டத்திலும் இதே இடத்தில் நிற்பீர்கள், அப்போது மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

உங்கள் போனில் ஒரு அடி பின்னால் போகிற பட்டன் இருக்கும். தப்பை அழிக்க அதைப் படபடவென்று அமுக்காதீர்கள். ஒவ்வொரு முறை அமுக்கியதும் நிறுத்தி, இங்கிருந்து முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்று தோன்றுகிற முதல் இடம் வரை போங்கள். இன்னொன்று, கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள். எல்லாப் பெட்டியும் வீடு சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மனதுக்குள் பின்னால் இழுத்துப் பாருங்கள். எது கடைசியாக உள்ளே போக வேண்டும், எது முதலில் உள்ளே போக வேண்டும் என்று அப்போது பிடிபடும். பெரும்பாலும் தூரத்து இடம்தான் முதலில்.

உங்கள் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. போனை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வீடியோவைப் பார்த்து முடித்து வைத்திருப்பான்.