ராணுவத் தர மின்சுற்று போர்டு அசெம்பிளி: கேள்வி பதில்

கேள்வி: மாதம் நாற்பது ஐம்பது போர்டுதான் போடுகிறோம். ரீவொர்க் (பழுது திருத்தும் வேலை) ஓயவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பேஸ்ட் அச்சிலிருந்து, அதாவது சோல்டர் பசையைத் துளைத் தகடு (ஸ்டென்சில்) வழியாகப் போர்டில் பதிப்பதிலிருந்து. சோல்டரை உருக்கும் அடுப்புக்குப் பிறகு கண்ணில் படும் பழுதுகளில் பெரும்பங்கு ஸ்டென்சிலிலேயே உருவாகிவிடுகிறது. ஸ்டென்சில் துளையின் பரப்பைத் துளைச் சுவரின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 0.66க்குக் கீழே வந்தால் பேஸ்ட் பேடில் (பாகம் ஒட்டும் உலோகத் திட்டு) இறங்காமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். 0.3 மிமீ வட்டத் துளைக்கு 0.125 மிமீ தகடு போட்டால் விகிதம் 0.6தான், 0.1 மிமீ தகட்டுக்கு மாறினால் 0.75. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பேஸ்ட் டப்பாவைக் குறைந்தது 4 மணி நேரம் மூடியபடியே வெளியில் வையுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் படியும். அந்த ஈரம் அடுப்பில் கொதித்து சோல்டர் மணிகளைத் தெறிக்கவிடும்.

கேள்வி: எங்கள் போர்டு 63/37 ஈய சோல்டர் (63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் ஈயம்). ஆனால் பிஜிஏ (அடியில் சோல்டர் உருண்டைகள் உள்ள சிப்) ஈயமில்லாத உருண்டையோடுதான் கிடைக்கிறது. அப்படியே போடலாமா?

பதில்: பழைய ஈய ப்ரொஃபைலிலேயே (அடுப்பின் வெப்ப, நேர அமைப்பு) ஓட்டினால் கூடாது. 63/37 உருகுவது 183 டிகிரி செல்சியஸில். ஈயமில்லாத எஸ்ஏசி305 உருண்டை உருக 217 முதல் 220 வேண்டும். உச்சம் 210இல் நின்றால் பேஸ்ட் உருகும், உருண்டை உருகாது. ஈயம் உருண்டையின் அடிப்பகுதியில் மட்டும் ஊடுருவி, மேல்பகுதி பழையபடியே இருக்கும். சிப் தன் எடையில் இறங்கித் தானாக நேராவதும் நடக்காது. எக்ஸ்ரேயில் இணைப்பு நன்றாக இருப்பதுபோலவே தெரியும், மின்சோதனையிலும் தேறும்; வெப்பச் சுழற்சியில் விரிசல் விடும். இதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

வழி இரண்டு. ஒன்று, உச்சத்தை 225 முதல் 235 வரை ஏற்றி, 217க்கு மேல் ஒரு நிமிடம் அளவுக்கு நிறுத்துவது. இதற்கு முன் போர்டிலுள்ள ஒவ்வொரு பாகத்தின் வெப்பத் தாங்குதிறனையும் பட்டியல் போடுங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் பிளாஸ்டிக் கனெக்டரும்தான் முதலில் அடிபடும். வெப்பத்தை அளக்கும்போது தெர்மோகப்பிளைச் சிப்பின் தலையில் ஒட்டிப் பயனில்லை. போர்டின் அடியிலிருந்து துளைத்து, நடு உருண்டை ஒன்றிலும் மூலை உருண்டை ஒன்றிலும் பொருத்துங்கள்.

இரண்டாவது, ரீபாலிங்: ஈயமில்லாத உருண்டைகளை நீக்கி 63/37 உருண்டை வைப்பது. சிப்பை முதலில் பேக் செய்து (சூட்டில் வைத்து உலர்த்தி) ஈரத்தை எடுத்துவிட வேண்டும். கூடுதல் வெப்பச் சுற்றுகளைச் சிப் தாங்க வேண்டும். தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போய்விடும். எனவே முடித்ததும் சில சிப்களில் உருண்டையைத் தள்ளி வலிமை பாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மின்சோதனை கட்டாயம். குறைந்த எண்ணிக்கை, மற்ற பாகங்கள் சூடு தாங்காதவை என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். எந்த வழியானாலும் ஒரு போர்டைத் தியாகம் செய்து, இணைப்பை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே உற்பத்தியைத் தொடங்குங்கள்.

கேள்வி: கனெக்டர் பின்களில் தங்க முலாம். அப்படியே சோல்டர் செய்தால் என்ன?

பதில்: தங்கம் சோல்டரில் கரைந்து, வெள்ளீயத்தோடு சேர்ந்து நொறுங்கும் சேர்மமாகிறது. இணைப்பின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டினால் அதிர்வில் உடையும். பின்னை ஒரு சோல்டர் தொட்டியில் 2, 3 வினாடி முக்கித் தங்கத்தைக் கரைத்துவிட்டு, வேறொரு தொட்டியில் மறுபடி முக்குங்கள். முதல் தொட்டியில் தங்கம் சேர்ந்துகொண்டே போகும், அதனால் அதைக் காலமுறைப்படி பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். கனெக்டர் ஒன்றோடொன்று பொருந்தும் பக்கத்தில் சோல்டர் படக்கூடாது. போர்டின் எனிக் பூச்சைப் (நிக்கல் மேல் மெல்லிய தங்கம்) பற்றிக் கவலை வேண்டாம். அதிலுள்ள தங்கம் 0.1 மைக்ரான் அளவுதான்.

கேள்வி: சுத்த வெள்ளீய முலாம் பூசிய பாகத்தை ஈய சோல்டரில் போட்டுவிட்டால் விஸ்கர் (வெள்ளீயத்திலிருந்து தானாக வளர்ந்து ஷார்ட் ஆக்கும் மெல்லிய இழை) பயம் போய்விடுமா?

பதில்: போகாது. சோல்டர் ஏறாத காலின் மேல்பகுதி சுத்த வெள்ளீயமாகவே இருக்கும், இழை அங்கிருந்து வளரும். 1998இல் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்ததற்கு இந்த இழைகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஐரோப்பிய ஈயத்தடைச் சட்டம் ராணுவக் கருவிகளுக்கு விலக்கு தந்திருக்கிறது. ஆனாலும் பாகச் சந்தை முழுக்க ஈயமில்லாமல் மாறிவிட்டதால், வரும் ஒவ்வொரு லாட்டையும் (ஒரே தொகுப்பாக வரும் பாகங்கள்) எக்ஸ்ஆர்எஃப்பில் (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அளக்கும் கருவி) வைத்து முலாமில் ஈயம் 3 சதவீதமாவது உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பாகத்தின் காலை அதன் உடல்வரை சூடான ஈய சோல்டரில் முக்கி எடுக்க வேண்டும். மேலே பூசும் கோட்டிங் இழையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

கேள்வி: கான்ஃபார்மல் கோட்டிங்கில் (போர்டின் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்) குமிழி வருகிறது, சில இடங்களில் உரிகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். குமிழி வந்தால் ஒரே தடவையில் தடிமனாக அடித்திருக்கிறீர்கள்: மேல்தோல் காய்ந்து, உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்கிறது. மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக, இடையில் காயவிட்டு அடியுங்கள். அக்ரிலிக்கின் மொத்தத் தடிமன் 0.03 முதல் 0.13 மிமீ, சிலிக்கோனுக்கு 0.05 முதல் 0.21. உரிவதற்குக் காரணம் அடியிலுள்ள அழுக்கு. ‘நோ-கிளீன்’ (கழுவத் தேவையில்லாத) ஃபிளக்ஸ் என்பதால் கழுவாமல் பூசியிருப்பீர்கள். கழுவுங்கள், பேக் செய்து உலர்த்துங்கள், அன்றே பூசுங்கள். பிஜிஏ அடியில் கோட்டிங் தேங்கவிடாதீர்கள். சூட்டில் அது விரிந்து சிப்பை மேலே தூக்கும்.

கேள்வி: ஈரத் தரம் 3 (பையைத் திறந்தபின் ஈரத்தைத் தாங்கும் அளவின் வகைப்பாடு) சிப், பையைத் திறந்து எத்தனை நாள் ஆனதென்று யாரும் குறிக்கவில்லை.

பதில்: 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரம்தான் கெடு. குறிப்பில்லாவிட்டால் கெடு தாண்டியதாகவே கொள்ளுங்கள். தட்டில் இருந்தால் 125 டிகிரியில் பேக் செய்யலாம். ரீல் அந்தச் சூட்டில் உருகும். அதிலுள்ள சிப்பை 40 டிகிரி உலர்பெட்டியில் பல நாள் வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப பேக் செய்தால் கால்கள் ஆக்சைடு பிடித்து சோல்டர் ஒட்டாது.

கேள்வி: நின்றுபோன பாகத்தைத் தரகரிடம் வாங்க வேண்டியிருக்கிறது. போலியை எப்படிப் பிடிப்பது?

பதில்: அசிட்டோன் துடைப்போடு நிறுத்தாதீர்கள், அதைத் தாங்கும் மேற்பூச்சுகள் வந்துவிட்டன. முதல் பின் குழியின் ஆழமும் அடிப்பரப்பும் எல்லாச் சிப்பிலும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஒரே தேதிக் குறியுள்ள பத்துச் சிப்களை எக்ஸ்ரேயில் அடுத்தடுத்து வையுங்கள். டையின் (சிப்பின் உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டு) அளவோ கம்பி இணைப்பின் அமைப்போ ஒன்றில் மாறினாலும் லாட் முழுவதையும் ஒதுக்குங்கள். தேறியவற்றில் இரண்டின் மூடியை அமிலத்தால் திறந்து, டையில் உள்ள தயாரிப்பாளர் குறியை அசல் சிப்போடு ஒப்பிடுங்கள்.