'மிஸ்' எப்போது 'எலோயிஸ்' ஆகிறாள்? பிரிட்ஜர்டன் நாவல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூலியா குவினின் பிரிட்ஜர்டன் நாவல்கள் எட்டையும் வாங்கப் போகிறேன். நெட்ஃபிளிக்ஸில் வந்த வரிசையில் படிக்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம், புத்தகம் வெளிவந்த வரிசையே நல்லது. 1800-களின் தொடக்க இங்கிலாந்தில், பிரிட்ஜர்டன் குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு காதல் கதை, ஆளுக்கொரு நாவல். திரையில் காலினின் கதை பெனடிக்டின் கதையை முந்திக்கொண்டது. நாவலில் பெனடிக்ட் மூன்றாவது, காலின் நாலாவது. 'தி டியூக் அண்ட் ஐ' (2000) முதல் 'ரொமான்சிங் மிஸ்டர் பிரிட்ஜர்டன்' (2002) வரை நாலு நாவல்களிலும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் 'லேடி விசில்டவுன்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதும் ஊர்வம்புத் துணுக்கு உண்டு. அவர் யார் என்பது நாலாவதில் உடைகிறது. விடை முன்பே தெரிந்தவர்கள் அந்தத் துணுக்குகளை நிதானமாகப் படியுங்கள்; யாரைக் கிள்ளுகிறார், யாரிடம் இரக்கம் காட்டுகிறார் என்பதெல்லாம் இப்போது வேறு மாதிரி தெரியும்.

நாலு, ஐந்து, ஆறுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். நாலாவதன் இறுதியில் வரும் நடன விருந்து இரவில்தான் ஐந்தாவதன் நாயகி எலோயிஸ் யாரிடமும் சொல்லாமல் கிளம்புகிறாள். ஆறாவதன் பெரும்பகுதியும் இவை நடக்கும் அதே 1824-இல் நடக்கிறது. பிள்ளைகளின் பெயர் மறந்தால் கவலை வேண்டாம். ஆன்டனி, பெனடிக்ட், காலின், டாஃப்னி, எலோயிஸ், ஃபிரான்செஸ்கா, கிரகரி, ஹயசிந்த்: ஆங்கில அகரவரிசைதான் வயது வரிசை.

கேள்வி: ஒரே ஆளை நாலு பெயரில் அழைக்கிறார்கள். யார் யாரென்றே புரியவில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: இதைப் பிடித்துக்கொண்டால் பாதி நகைச்சுவை தானாக விளங்கும். டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று மேலிருந்து கீழாகப் பிரபுக்களில் ஐந்து படி. டியூக்கை 'யுவர் கிரேஸ்' என்பார்கள். மற்ற நால்வரும் பேச்சில் 'லார்ட்'. அதன் பின்னால் வருவது பட்டப்பெயர், குடும்பப்பெயர் அல்ல. முதல் நாவலின் நாயகன் சைமன் பாசெட், ஹேஸ்டிங்ஸ் டியூக் என்பதால் நண்பர்களுக்கு அவன் 'ஹேஸ்டிங்ஸ்'. குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஆன்டனிக்குப் பட்டமும் குடும்பப்பெயரும் ஒன்றே. அவன் மட்டும் 'லார்ட் பிரிட்ஜர்டன்', தம்பிகள் வெறும் 'மிஸ்டர்'. ஐந்தாவது நாவலின் நாயகன் 'சர் பிலிப்' பிரபு அல்ல, பாரனெட்; அதாவது பரம்பரையாக வரும் 'சர்' பட்டக்காரர். 'சர்' எப்போதும் முதற்பெயரோடுதான் சேரும்.

பெண்களில், மணமாகாத மூத்தவள் மட்டுமே 'மிஸ் பிரிட்ஜர்டன்'. அடுத்தவள் 'மிஸ் எலோயிஸ்'. ஓர் ஆண் அந்த 'மிஸ்'ஸை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொல்லும் இடத்தில் நின்று படியுங்கள். நம் ஊரில் 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று 'நீ' என்பது போல அது. முத்தத்துக்குப் பல பக்கம் முன்பே காதல் அங்கே தொடங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவதும் இதுதான் என்பதால், முடிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே படியுங்கள்.

கேள்வி: இந்த மாதிரிக் கதைகளில் காதலர்கள் ஸ்காட்லாந்துக்கு ஓடுவது ஏன்? (வாசகி, கோவை)

பதில்: 1753-ஆம் ஆண்டுச் சட்டம். 21 வயது நிரம்பாதவர் திருமண லைசென்ஸ் வாங்கி மணக்க இங்கிலாந்தில் பெற்றோர் சம்மதம் வேண்டும். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவித்து மணப்பதென்றால் பெற்றோர் எழுந்து மறுத்துத் தடுக்கலாம். ஸ்காட்லாந்தை அந்தச் சட்டம் தொடவில்லை. எல்லை தாண்டியதும் வரும் ஊர் கிரெட்னா கிரீன். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், குதிரைவண்டியில். பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் அந்த அறிவிப்பு இல்லாமல் விரும்பிய இடத்தில் மணக்க, கேன்டர்பரி பேராயரிடம் 'ஸ்பெஷல் லைசென்ஸ்' வாங்கிவிடுவார்கள்.

கேள்வி: என் 15 வயது மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: இப்போது வேண்டாம். ஒவ்வொரு நாவலிலும் படுக்கையறைக் காட்சிகள் விரிவாக உண்டு. முதல் நாவலில், குடிபோதையில் இருக்கும் கணவனின் சம்மதமில்லாமல் மனைவி நடந்துகொள்ளும் ஒரு கட்டமும் வருகிறது. பெரியவர்களுக்கே அது உறுத்தும். லேசான கதை என்று நம்பித் திறப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மகளுக்கு ஜார்ஜெட் ஹேயரின் 'ஃபிரெடரிக்கா' (1965) வாங்கிக் கொடுங்கள். அதே 1800-களின் தொடக்க இங்கிலாந்து ('ரீஜன்சி' காலம்), அதே கலகலப்பு, படுக்கையறைக் காட்சி கிடையாது. அந்தக் காலக் கொச்சை நிறைய வருவதால் முதல் 50 பக்கம் தடுக்கும். சொல்லுக்குச் சொல் அகராதி பார்க்காமல் உரையாடலின் போக்கிலேயே போகச் சொல்லுங்கள்.