தம்பியின் ஓட்டோ, அக்காவின் லீசிங்

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறேன், வேலை திருகோணமலை டவுனில். கைக்கு வருவது 92,000 ரூபா. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. இருட்டினால் பஸ்ஸை நம்ப முடியாது. தம்பிதான் ஓட்டோவில் ஏற்றி இறக்குகிறான். லீசிங் என் பெயரில், மாதம் 31,400, இன்னும் 22 தவணை. பெற்றோலுக்கும் 9,000 கொடுக்கிறேன். டவுனுக்கே போய்விட வேண்டும் போலிருக்கிறது. உவர்மலையில் ஒரு அனெக்ஸ் வாடகை 30,000, ஆறு மாத முற்பணம். 3 இலட்சம் தனிநபர்க் கடன் எடுக்கலாமா? கிரிப்டோவில் போட்டால் முற்பணம் சேர்ந்துவிடும் என்கிறார் அலுவலக நண்பர்.

பதில்: கடன் வேண்டாம். கிரிப்டோ அதைவிட வேண்டாம். ஆறு மாதத்தில் தேவைப்படும் காசை அதில் போடச் சொன்னவர் நட்டம் வந்தால் பக்கத்தில் நிற்க மாட்டார்.

போக்குவரத்துக்கு நீங்கள் கொடுப்பது மாதம் 40,400. பஸ்ஸுக்கு ஒரு பக்கம் நூறு ரூபா என்று கூட்டியே வைப்போம்: 22 நாளுக்கு 4,400. பிந்திப்போகும் எட்டு நாளுக்கு வாடகை ஓட்டோ 1,500 படி 12,000. ஆக 16,400. மிச்சம் 24,000 தம்பியின் தொழிலுக்கு நீங்கள் போடும் முதல், அதுவும் பங்கில்லாத முதல். லைசென்ஸ் இல்லாததால் அவனை நம்பியிருக்கிறீர்கள்; நம்பியிருப்பதால் லீசிங்கைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. 'அவன்தானே உன்னை ஏத்தி இறக்கிறான்' என்று அம்மா சொல்லுவா. சொல்லட்டும்.

தவணையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பாக்கி கிரிப் அறிக்கையில், அதாவது வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் வரலாற்றில், உங்கள் பெயரில்தான் விழும். பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி முகம் சுளிக்கும். முதலில் மீதித் தொகை, தாமத வட்டி, முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு என்று மூன்றையும் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். அடுத்து, லீசிங்கைத் தம்பி பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அவனுடைய வருமானத்தையும் பிணையாளிகளையும் கம்பனி பார்க்கும். மறுத்தால் ஓட்டோவை விற்று மீதியை அடைப்பதுதான் வழி. 'ஓப்பன் பேப்பர்' கொடுத்து, அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து வைத்த படிவத்தை மட்டும் கொடுத்து, விற்காதீர்கள். ஆவணத்தில் பெயர் மாறும்வரை விபத்தோ வழக்கோ வந்தால் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

பேச்சை ஏப்ரலுக்கு முன் முடியுங்கள். நிலாவெளியில் உல்லாசப் பயணிகள் வருவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. தம்பி கையில் காசு புழங்குவதும் அப்போதுதான். மாரி மழையில் கேட்டால் 'சீசன் வரட்டும் அக்கா' என்பான்.

இதோடு ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் எடுக்கும் வேலையையும் தொடங்குங்கள்: மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் அனுமதி, குறைந்தது மூன்று மாதம் கழித்து ஓட்டப் பரீட்சை. பயிற்சியோடு சேர்த்து 40,000 ஒதுக்குங்கள். பலர் தவறுவது லைசென்ஸின் வாகன வகுப்பில்: ஏ1 என்பது 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்குத்தான். இன்று ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110, 125. ஆகவே ஏ வகுப்புக்கு விண்ணப்பியுங்கள். ஸ்கூட்டர் பழையதாக, கைக்காசுக்கு. இன்னொரு லீசிங் கூடாது.

அனெக்ஸுக்கு இப்போது முற்பணம் கொடுக்க வேண்டாம். கடனோடு போனால் லீசிங் 31,400, வாடகை 30,000, கடன் தவணை பத்தாயிரத்துச் சொச்சம். கையில் நிற்பது இருபதாயிரம். லீசிங் உங்கள் பெயரிலிருந்து கழன்ற மாதத்திலிருந்து அதே 31,400ஐ எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் 188,400. அனெக்ஸ்காரர் கேட்பது 180,000.