இணையம் வழி படமும் தொடரும் காட்டும் ஓடிடி தளங்கள் வந்த பிறகு நம் பார்க்கும் பழக்கமும் யோசிக்கும் விதமும் எப்படி மாறியிருக்கின்றன?

திரை பார்க்கும் நேரம் கூடிவிட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதைவிடக் கவலை தருவது, ஒரு எபிசோடுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளி காணாமல் போனது.

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் தனி ஒளிவழியானது 2008 அக்டோபரில்தான். அதற்கு முன்பு தமிழுக்குக் கிடைத்தது வேறொரு ஒளிவழியில் சில மணி நேரம். வாரத் தொடர் என்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க வேலையிடத்திலும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதும் அதே பேச்சுதான்: அண்ணன் செய்தது நியாயமா, அந்தப் பெண் இனி என்ன செய்வாள்? எதிர்வீட்டு அக்கா ஒன்று சொல்வார், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். கதையைப் பற்றி நாம் யோசித்ததே அந்த வாக்குவாதத்தில்தான்.

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இங்கே வந்தது. இப்போது ஒரு எபிசோட் முடிந்ததும் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன, மூலையில் சில விநாடிக் கணக்கு ஓடுகிறது, அடுத்தது தானாக வந்துவிடுகிறது. முன்பு பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கி உட்கார வேண்டியிருந்தது. இப்போது நிறுத்துவதற்குத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது. இரவு பதினொன்றரைக்குச் சோர்ந்துபோய் சோஃபாவில் சாய்ந்திருப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது ரொம்ப அதிகம்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2017-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. ஒரே தொடரைச் சிலருக்கு ஒரே மூச்சில், சிலருக்கு நாளுக்கு ஒன்றாக, மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒன்றாகக் காட்டினார்கள். மறுநாள் கேட்டபோது மொத்தமாகப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. 140 நாள் கழித்துக் கேட்டால், அதிகம் மறந்துபோனவர்களும் அவர்கள்தான். தொடரை ரசித்ததும் மற்றவர்களைவிடக் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று தளமே காட்டும் பரிந்துரை. தங்கள் தளத்தில் பார்க்கப்படும் நேரத்தில் சுமார் 80 விழுக்காடு பரிந்துரை வழியாக வருகிறது என்று நெட்ஃபிளிக்ஸ்காரர்களே 2015-ல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். எங்கள் நாலறை வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கிறேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகனின் கணக்கைத் திறந்தால் முழுக்க ஆங்கிலக் கார்ட்டூன். மாமியாரின் கைப்பேசியில் தமிழ் சீரியல் தவிர வேறொன்றும் இல்லை. ஒரே ஹாலில் இரண்டு பேரும் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். முன்பு பாட்டி பார்க்கும் தமிழ் நிகழ்ச்சி பேரன் காதிலும் விழும். “பாட்டி, ஏன் அந்த ஆன்ட்டி அழறாங்க?” என்று கேட்பான், அவர் தமிழில் விளக்குவார். அந்தப் பேச்சு அப்படியே குறைந்துபோனது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020-ல் 2.5. இதற்கு ஓடிடியைக் காரணம் சொல்ல முடியாது, சரி. ஆனால் ஏற்கெனவே சுருங்கிவரும் மொழிக்கு, வீட்டுக்குள் இருந்த ஒரு வாய்ப்பும் போவது எனக்கு வலிக்கிறது.

இந்த வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு வேலைக்குப் போகும் தாதிக்கு எட்டரை மணிச் செய்தியும் தொடரும் எப்படிக் கிடைக்கும்? அவர் மறுநாள் உள்ளூர் ஓடிடி தளமான மீவாட்ச்சில் பார்த்துக்கொள்கிறார். தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர், ஊரில் மனைவி பார்க்கும் அதே சீரியலைத் தானும் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பேசுகிறார். இடைவெளியும் பேச்சும் அவர்களிடம் இன்னும் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் செய்தது இதுதான். அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை அமைப்பில் போய் நிறுத்தினோம். ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும், பிள்ளைகள் கணக்கை மறக்காதீர்கள். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை போக ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் திரை என்பது சுகாதார அமைச்சின் வழிகாட்டி. மகனுக்கு அதுதான் கணக்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹால் தொலைக்காட்சியில் ஒரு தமிழ்த் தொடர், ஒரே ஒரு எபிசோட், எல்லாரும் சேர்ந்து. முதலில் மகன் முனகினான். இப்போது வில்லன் யார் என்று பாட்டியோடு சண்டை போடுகிறான், அதுவும் தமிழில்.