நம் ஆக்சிஜன் எங்கே சமைந்தது? பெருநட்சத்திரங்கள் பற்றிக் கேள்வி பதில்

நம் உடம்பே நட்சத்திரத் தூசி என்கிறார்களே, முழுக்க உண்மையா சார்?

எடைக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் உண்மை. உடல் எடையில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரஜன். அதை எந்த நட்சத்திரமும் உண்டாக்கவில்லை; சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் பிறந்த பெருவெடிப்பில் வந்த சரக்கு அது. மற்றதில் ஏறக்குறைய எல்லாமே நட்சத்திரங்கள் தந்தவை. அதிலும் ஆக்சிஜன் மட்டும் சுமார் 65 சதவீதம். பெருநட்சத்திரங்களின் கணக்கில் தயங்காமல் எழுத வேண்டியது இந்த ஆக்சிஜனைத்தான். கார்பனும் நைட்ரஜனும் அப்படியல்ல. நடுத்தர நட்சத்திரங்களுக்கும் அவற்றில் பெரிய பங்கு உண்டு.

சூரியனும் ஒருநாள் வெடிக்குமா?

வெடிக்காது. ஆயுள் முடிவில் அப்படி வெடிப்பவை பெருநட்சத்திரங்கள்தான். அதற்குச் சூரியனைப் போல் குறைந்தது 8 மடங்கு நிறை வேண்டும்.

அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

சூரியனைப் போல் 25 மடங்கு நிறையுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜனை ஹீலியமாக்குவதிலேயே அதற்குச் சுமார் 70 லட்சம் ஆண்டுகள் போய்விடும். அப்புறம் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து கார்பன், அதோடு இன்னொரு ஹீலியம் சேர்ந்து ஆக்சிஜன் என்று சில லட்சம் ஆண்டுகள். கார்பன் எரிவதற்கு, அதாவது இணைந்து கனமான தனிமங்களாவதற்கு, சுமார் 600 ஆண்டுகள்தான். ஆக்சிஜனுக்குச் சில மாதங்கள். கடைசியாக வரும் சிலிக்கான், ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்துவிடும்! அந்த நேரத்தில் வெட்டிப் பார்க்க முடிந்தால் வெங்காயம் மாதிரி இருக்கும்: வெளியே ஹைட்ரஜன், உள்ளே போகப் போக ஹீலியம், கார்பன், ஆக்சிஜன், சிலிக்கான், நடுவில் இரும்பு.

ஒன்றைக் கவனியுங்கள். நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன் வெடிப்பின்போது உண்டானதல்ல. வெடிப்பதற்கு வெகு முன்பே அது தயாராகிவிட்டது. அதை வெளியே தள்ளுவதுதான் வெடிப்பின் முக்கிய வேலை. பலரும் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

இரும்பு வந்ததும் ஏன் எல்லாம் முடிந்துபோகிறது?

இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது, உள்ளதும் செலவாகும். தாங்கிப் பிடிக்க வெப்பம் பிறக்காத நிலையில், இரும்பு மையம் ஏறக்குறைய 1.4 சூரிய நிறையைத் தொட்டதும் தன் எடையைத் தாங்காமல் சரிகிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படை, இப்படிப்பட்ட மையம் தாங்கக்கூடிய உச்ச நிறையைச் சொல்லும் சந்திரசேகர் எல்லை. கிட்டத்தட்ட பூமி அளவுள்ள மையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சில பத்து கிலோமீட்டர் உருண்டையாகச் சுருங்கிவிடும். அப்போது வெளிப்படும் ஆற்றலில் சுமார் 99 சதவீதத்தை எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் கொண்டுபோகின்றன. மிச்சமுள்ள சொற்பத்தில்தான் இவ்வளவு வாணவேடிக்கையும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1987 பிப்ரவரியில் நம் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது, ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இருந்த கருவிகளில் இருபதுக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் பதிவாயின.

வெடித்தால்தான் தனிமங்கள் வெளியே வருமா?

இல்லை, உயிரோடு இருக்கும்போதே நிறைய உதறிவிடும். வுல்ஃப் ராயே வகை நட்சத்திரங்கள் பலத்த காற்றாக வீசியே மேலடுக்குகளை இழந்து, உள்ளே இருக்கும் நைட்ரஜனையும் கார்பனையும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும். ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் திருவாதிரை 2019 கடைசியில் திடீரென மங்கியது ஞாபகம் இருக்கலாம். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்ததே காரணம். இன்னொரு பக்கம், சில பெருநட்சத்திரங்கள் ஒழுங்காக வெடிக்காமல் அப்படியே கருந்துளையாகிவிடவும் கூடும். அப்போது சமைத்ததில் பெரும்பகுதி உள்ளேயே போய்விடும்.

எலும்புக்கும் டிஎன்ஏவுக்கும் வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ்?

பாஸ்பரஸ் பெரும்பாலும் பெருநட்சத்திரங்களிலிருந்துதான். சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள காசியோப்பியா ஏ என்ற வெடிப்பு மிச்சத்திலேயே அதைக் கண்டிருக்கிறார்கள். சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி எடுத்த படங்களில் சிலிக்கான், கந்தகம், கால்சியம், இரும்பு எல்லாம் தனித்தனித் திட்டுகளாகத் தெரியும். கால்சியத்திலும் இரத்தத்தில் இருக்கும் இரும்பிலும், வெடிக்கும் வெள்ளைக் குள்ளன்களுக்கும் (நடுத்தர நட்சத்திரங்கள் எரிந்து தீர்ந்தபின் மிஞ்சும் மையங்கள்) பெரும் பங்கு உண்டு.

சிதறியது இங்கே எப்படி வந்து சேர்ந்தது?

சிதறல் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். வழியிலுள்ள வாயுவை வாரிக்கொண்டு மெல்ல வேகம் குறைந்து கலந்துவிடும். அப்படிப் பலமுறை கலந்து ஊறிய ஒரு மேகம்தான் சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சுருங்கிச் சூரியனும் பூமியும் ஆனது. ஒரே ஒரு தாய் நட்சத்திரத்தைத் தேடாதீர்கள், பல தலைமுறை நட்சத்திரங்களின் கலவை நாம்.

வரவு இன்னும் நிற்கவில்லை. ஆழ்கடல் படிவுகளில் இரும்பின் கதிரியக்க வகையான இரும்பு-60 கிடைத்திருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் காலம், சுமார் 26 லட்சம் ஆண்டுகள். பூமி பிறந்தபோதே வந்திருந்தால் எப்போதோ அழிந்திருக்கும். ஆகவே அண்மையில், அதாவது சில பத்து லட்சம் ஆண்டுக் கணக்கில், பக்கத்தில் எங்கோ வெடித்தது வந்து விழுந்திருக்கிறது.

திருவாதிரை வெடித்தால் நமக்கு ஆபத்தா?

இல்லை, 500 ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது. பகலிலும் தெரியும், அவ்வளவுதான். இன்றிரவே வெடிக்கும் என்று சுற்றும் செய்திகளை விட்டுத்தள்ளுங்கள், இன்னும் ஒரு லட்சம் ஆண்டு ஆனாலும் ஆகலாம். நிஜமாகவே வெடித்தால் முதலில் தெரியப்போவது நியூட்ரினோ கருவிகளுக்குத்தான். வானியலாளர்களை உடனே உஷார்ப்படுத்த அவற்றை ஒரே வலைப்பின்னலாக ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கிறார்கள்.